நிழல் பக்கத்து ஜன்னல்

இருபது வருஷம் ஐரோப்பாவுக்கு ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த இருபது வருஷத்தில் நான் போன தூரம், மிஞ்சிப்போனால், ஜோலார்பேட்டை. இதைச் சொன்னால் எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் நம்புவதில்லை. ஐம்பத்தைந்து வயதாகிவிட்டதால் இனி நான் மூளையை உபயோகிக்க வேண்டாம் என்று கம்பெனி முடிவு செய்து மாலை போட்ட விழாவில், கவுண்டரில் இருக்கும் சுசீலா கேட்டாள்:

"சார், யார் வந்தாலும் பம்பாய், ராத்திரி ஜெட், காலையில ஐரோப்பான்னு எழுதிக் குடுத்துடறோம். ஒரு காபி ஆறதுக்குள்ள வேலை முடிஞ்சுடுது. உங்க காலத்துல வாரக்கணக்கா என்ன சார் பிளான் பண்ணீங்க?"

நல்ல கேள்வி. கையில் மாலையும் மைசூர்பாகும் இருந்ததால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

யுத்தம் முடிந்து ராணுவ டிப்போவில் கம்பளி எண்ணும் வேலை போன பிறகு, பெங்களூர் கண்டோன்மென்டில் இருந்த ஒரு பிரயாண ஏற்பாட்டுக் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். சுதந்திரம் வந்த வருஷம் வெள்ளைக்கார மேனேஜர் தன் நாயோடு ஊருக்குக் கிளம்பினார். அந்த நாயின் டிக்கெட்தான் நான் எழுதிய முதல் டிக்கெட். அம்மை குத்திய மஞ்சள் புத்தகத்தைச் சரிபார்ப்பது, பெட்டிக்கு லேபிள் ஒட்டுவது, அந்நியச் செலாவணிக்கு ரிசர்வ் வங்கி என்ன கேட்கும் என்று முன்கூட்டியே பயப்படுவது ஆகியவற்றைக் கற்றுக்கொள்வதில் சில வருஷங்கள் போயின. நூல்நிலையத்தில் கைக்குக் கிடைத்த நாவல்களையெல்லாம் படித்திருந்தபடியால் பாரிஸில் எந்தத் தெருவில் கொலை விழும் என்பதுவரை எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தெருவுக்கு எந்த பஸ் போகும் என்று கேட்டால்தான் விழிப்பேன்.

புதிய மேனேஜர் தேவசகாயம் ஆஸ்டின் டவுன்காரர். ஆறடி உயரம். முக்கியமான விஷயம் பேசும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார். எதிரே இருப்பவர் முகம் சரியாகத் தெரியாவிட்டால்தான் தைரியமாகப் பேச வருகிறது என்பார். 'முடியாது' என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. "உலகம் உருண்டை சார், ஏதாவது ஒரு பக்கமா வழி இருக்கும்" என்பார். மாடிப்படி ஏறினாலே அவருக்குத் தலை சுற்றும். எங்கள் ஆபீஸ் தரைத்தளத்தில் இருந்ததற்கு அதுதான் காரணம் என்று ஒரு வதந்தி உண்டு.

யாராவது வந்து ஐரோப்பா என்று வாயைத் திறந்தால் உடனே கால அட்டவணையைப் புரட்டக் கூடாது. அது அவர் சட்டம். முதலில் மேஜை நடுவில் உலக உருண்டை வரும். பிறகு டிராயரிலிருந்து ஒரு வெள்ளை நூல். வந்தவர் நூலின் ஒரு முனையைப் பெங்களூர் இருக்கும் இடத்தில் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். மறுமுனையை தேவசகாயம் லண்டன்வரை இழுத்து விறைப்பாக நிறுத்துவார். அவ்வளவுதான். ஆனால் அரபிக்கடல், பாலைவனம், ஆல்ப்ஸ் மலை எல்லாம் தம் விரலுக்கும் அவர் விரலுக்கும் நடுவில் கிடப்பதைப் பார்த்ததும் எப்பேர்ப்பட்ட வாயாடியும் பேச்சை நிறுத்திவிடுவார். ஒரு மில் முதலாளி, ஆபீஸே அதிரப் பேசிக்கொண்டு வந்தவர், நூல் விறைத்ததும் காலிலிருந்த செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. சரியான காரியமாகத்தான் பட்டது.

பிறகுதான் அட்டவணை, மைல் கணக்கு. லண்டனுக்கு டிக்கெட் வாங்கினால், அனுமதித்த மைல் மீறாதவரை நடுவில் பல ஊர்களில் இறங்கி ஏறலாம், கூடுதல் கட்டணம் கிடையாது. கல்யாணப் பந்தியில் இரண்டாம் தடவை ரசம் மாதிரி, கேட்கத் தெரிந்தவருக்கு உண்டு.

எங்கிருந்து கிளம்புவது என்பதுதான் பெரிய வழக்கு. எங்கள் ஊரில் விமானத் தொழிற்சாலையின் ஓடுதளத்துக்கு வந்துபோன சின்ன விமானங்கள் கடல் தாண்டாது. பம்பாய், மெட்ராஸ், டில்லி, கொழும்பு இவற்றில் ஒன்றுக்குப் போய்த்தான் பெரிய விமானம் ஏற வேண்டும். நம்மவர்கள் இதைத் தேர்ந்தெடுப்பது விமானத்தைப் பார்த்து அல்ல, மாலை போட எந்த ஊரில் அதிகம் பேர் வருவார்கள் என்று பார்த்துத்தான். மீனம்பாக்கத்தில் உறவுக்காரர்களோடு போட்டோ எடுத்துக்கொள்வதற்காக மெட்ராஸ் போய், அங்கிருந்து பம்பாய் போய், அப்புறம் ஐரோப்பா போனவர்களுக்கெல்லாம் நான் டிக்கெட் எழுதியிருக்கிறேன்.

இந்த நிலையில்தான் ஒரு நாள் மல்லேஸ்வரத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். சேஷாத்ரி, நீர்ப்பாசன இலாகாவில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி வேதவல்லி அம்மாள். சேஷாத்ரியின் அக்கா ரங்கநாயகி அம்மாள்.

"கெய்ரோ, ரோம், சூரிக், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், லண்டன்," என்றார் சேஷாத்ரி. "ஒரே கண்டிஷன். ஏர்றதும் பகல், இறங்கறதும் பகல். இருட்டுல ஒரு மைல்கூடப் பறக்கக் கூடாது."

தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றினார். "பயமா சார்?"

"அவருக்கு என்ன பயம்? எனக்காகத்தான்," என்றார் வேதவல்லி அம்மாள். "பொழுது சாஞ்சா எனக்கு ஒண்ணும் தெரியாது. பகல்லேயும் ஒரு குழாய்க்குள்ளேர்ந்து பார்க்கற மாதிரிதான். அந்தக் குழாயும் மாசா மாசம் சின்னதாயிண்டே வர்றது. கொஞ்ச நாள்ல மூடிடும், வைத்தியம் இல்லேன்னு டாக்டர் சொல்லிட்டார். மூடறதுக்குள்ள பனிமலையை மேலேர்ந்து ஒரு தடவை பார்த்துடணும். மத்த ஊரெல்லாம் இவர் ஆசை."

"பேடாப்பா, வேண்டாம், படம் போட்ட புஸ்தகம் வாங்கிக் குடுன்னேன்," என்றார் ரங்கநாயகி அம்மாள். "யார் கேக்கறா?"

நான் குறுக்கிட்டேன். "மலையைக் கீழேயிருந்து பார்க்கலாமேம்மா? சூரிக்கிலிருந்து ரயில் போகுதே."

"கீழேர்ந்து பார்த்தா என் குழாய்க்குள்ள ஒரு துண்டுதானே அகப்படும்? மேலேர்ந்து பார்த்தா தூரத்துல சின்னதா, முழுசா இருக்குமே."

பூகோளத்தை இப்படி யாரும் எனக்கு விளக்கியதில்லை. தேவசகாயம் நூலை எடுத்தார். அந்த அம்மாள் குனிந்து, முகத்தை உருண்டையின்மேல் ஏறக்குறைய வைத்து, நூல் போகும் வழியெல்லாம் கண்ணை நகர்த்திக்கொண்டே போனார். லண்டன் போய்ச் சேர வெகு நேரமாயிற்று.

அன்றைக்கே தேவசகாயம் மேஜை விளக்கை உருண்டைக்குப் பக்கத்தில் வைத்து, "இதுதான் சூரியன்" என்றார். உருண்டையை மெதுவாகச் சுற்றுவது என் பொறுப்பு. ஒரு பென்சிலை விமானமாகப் பிடித்துக்கொண்டு மேற்கே நகர்வது சேஷாத்ரியின் பொறுப்பு. முதல் தடவை நான் உருண்டையைத் தப்பான பக்கம் சுற்றிவிட்டேன். சூரியன் லண்டனில் உதித்து பம்பாய்க்கு வந்தது. "பரவாயில்ல முனுசாமி," என்றார் மேனேஜர். "வெள்ளைக்காரன் இருந்தவரைக்கும் அப்படித்தான் இருந்தது."

சரியாகச் சுற்றியபோது ஒன்று கண்ணில் பட்டது. விடியும் நேரத்தில் பம்பாயை விட்டு மேற்கே கிளம்பும் விமானத்தை கிழக்கேயிருந்து சாயங்கால இருட்டு துரத்திக்கொண்டே வருகிறது, ஆனால் இறங்கும்வரை பிடிக்க முடியவில்லை. விமானம் சூரியனோடு ஓடுகிறது, பகல் நீண்டுகொண்டே போகிறது. நாள்தோறும் டிக்கெட் எழுதிய எனக்கு இது அதுவரை தெரியாது. உருண்டையைப் பிடித்திருந்த கை மரத்துப்போனதுகூடத் தெரியாமல் நின்றேன்.

மெட்ராஸ் விமானம் சாயங்காலம் கிளம்பும், ஆகாது. டில்லியிலிருந்து பகலில் ஒன்று உண்டு, ஆனால் இறங்கும்போது இருட்டிவிடும். கொழும்பு என்றதும் ரங்கநாயகி அம்மாள், "லங்கையிலேர்ந்தா? அங்கேர்ந்து நல்லபடியா யார் கிளம்பியிருக்கா?" என்று முடித்துவிட்டார். பம்பாய் விமானங்கள் எல்லாம் ராத்திரி. ஒரே ஒரு அயல்நாட்டுக் கம்பெனி மட்டும் சனிக்கிழமை விடியலில் கிளம்பி, வெயில் இருக்கும்போதே கெய்ரோவில் இறக்கியது. ஆனால் குளிர்கால அட்டவணை வந்தால் அதுவும் ராத்திரிக்குப் போய்விடும். பாஸ்போர்ட், அனுமதி எல்லாம் கைக்கு வந்து சேர்ந்தபோது ஒரே ஒரு சனிக்கிழமைதான் பாக்கி. அடுத்த கோடை அட்டவணைவரை அந்த அம்மாளின் கண் காத்திருக்காது.

இருக்கைக்கும் இதே விளக்குதான். "ரோம்லேர்ந்து சூரிக். காலையில வடக்கே போகுது. சூரியன் எந்தப் பக்கம், முனுசாமி?" வடக்கு முகமாக நின்று, கையை நீட்டிப் பார்த்து, வலது பக்கம் என்றேன். வெயில் பட்டால் அந்த அம்மாளுக்குக் கண் கூசும், அப்போது ஒன்றுமே தெரியாது. ஆகவே இடது பக்கம், நிழல் பக்கத்து ஜன்னல், இறக்கைக்குப் பின்னால் என்று ரோமுக்குத் தந்தி கொடுத்தோம். பதிலும் வந்தது. ஏதோ ஆல்ப்ஸையே அவர் பேருக்கு ரிஜிஸ்தர் செய்துவிட்ட மாதிரி நான் நடந்துகொண்டேன்.

அப்போதுதான் ரங்கநாயகி அம்மாள் பஞ்சாங்கத்தோடு வந்தார்.

"சனிக்கிழமை பம்பாய்னா வெள்ளிக்கிழமை இங்கேர்ந்து கிளம்பணும். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். கிளம்பப்படாது."

"அக்கா, ஏரோட்ரோம் ஊருக்குக் கிழக்கே இருக்கு," என்றார் சேஷாத்ரி. "நாங்க கிழக்கேதான் கிளம்பறோம். அப்புறம் மேற்கே திருப்பறது பைலட்டோட பாடு."

"போற ஊர்தான்டா கணக்கு. பைலட்டுக்கும் சூலம் உண்டு."

"அப்ப வியாழக்கிழமை?"

"நவமி. புதன் அஷ்டமி. செவ்வாய்க்கிழமை யாராவது கிளம்புவாளா?"

"திங்கட்கிழமையே கிளம்பினா பம்பாய்ல அத்தனை நாள் யாராத்துல போய் உட்கார்றது? யார் இருக்கா அங்கே?"

நான் சிரிக்கத் தயாரானேன். தேவசகாயம் சிரிக்கவில்லை. அவர் டிராயரிலும் ஒரு பஞ்சாங்கம் உண்டு. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர் இதை எப்படி வைத்திருக்கிறார் என்று ஒருமுறை கேட்டதற்கு, "கர்த்தர் மன்னிச்சுடுவார் முனுசாமி, கஸ்டமர் மன்னிக்க மாட்டான்" என்றார். இப்போது அதை எடுத்துப் பிரித்துக்கொண்டே வேதவல்லி அம்மாளைப் பார்த்தார். "உங்களுக்கு இதுல நம்பிக்கை இருக்காம்மா?"

"எனக்கு இருக்கோ இல்லையோ, அக்கா மனசு கெட்டு நான் கிளம்பினா, அங்கே போய் மலையைப் பார்க்க மாட்டேன். அக்கா மூஞ்சியைத்தான் பார்த்துண்டிருப்பேன்."

தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றினார். "பரஸ்தானம் வெச்சுடலாமா?"

ரங்கநாயகி அம்மாள் அவரை அப்போதுதான் முதல் தடவையாக மனிதராகப் பார்த்தார். கிளம்பும் நாள் சரியில்லாவிட்டால், முன்னாலேயே ஒரு நல்ல நாளில் பிரயாணப் பையைப் போகும் திசையில் வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நாளிலும் அந்தப் பையை எடுத்துக்கொண்டு போகலாம். அதற்குப் பேர்தான் பரஸ்தானம்.

"திங்கட்கிழமை மேற்கே தோஷமில்லை," என்று அவரே ஒப்புக்கொண்டார். "ஆனா மேற்கே நமக்கு யாரைத் தெரியும்? எல்லாரும் பசவனகுடியிலேன்னா இருக்கா?"

"முனுசாமி, உங்க வீடு எங்க இருக்கு?"

"ஸ்ரீராம்புரம் சார்."

மல்லேஸ்வரத்திலிருந்து ஸ்ரீராம்புரம் சுத்தமான மேற்கு என்று சொல்ல முடியாது. ஆனால் தேவசகாயம்தான் கண்ணாடியைக் கழற்றியிருந்தாரே. "மேற்குதான்," என்றார்.

"ஸ்ரீராம்புரமா?" என்றார் ரங்கநாயகி அம்மாள். அந்த ஒரு சொல்லுக்குள் என் தெரு, என் ஜாதி, என் வீட்டு அடுப்பில் என்ன வேகும் என்பது எல்லாம் வந்து போயின. நான் சுவரிலிருந்த சுவிட்சர்லாந்து காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா," என்றார் வேதவல்லி அம்மாள். "பஞ்சாங்கத்துல திசைதானே போட்டிருக்கு? தெரு போட்டிருக்கா?"

ரங்கநாயகி அம்மாள் பஞ்சாங்கத்தை இன்னொரு தடவை புரட்டினார். தெரு போட்டிருக்கவில்லை.

திங்கட்கிழமை ராகுகாலம் கழிந்து வந்தார்கள். எங்கள் சந்துக்குள் கார் நுழையாது. வேதவல்லி அம்மாள் ஒரு கையால் கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் பழுப்பு நிறக் கான்வாஸ் பையைத் தாமே தூக்கிக்கொண்டு, சாக்கடைக் கல்லைக் காலால் தடவித் தடவித் தாண்டி வந்தார். என் மனைவி ராஜம்மா வாசலைக் கழுவிக் கோலம் போட்டு, பை வைக்க டிரங்குப் பெட்டிமேல் புது டவலும் விரித்திருந்தாள்.

"வாங்கம்மா, குனிஞ்சி வாங்க, நெலவாசல் தாழ்வா இருக்கும். எங்க வீட்டுக் காபி குடிப்பீங்களா?"

"சூடா இருக்குமோன்னோ?"

குடித்தார். சேஷாத்ரி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு அவரும் குடித்தார். பை டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்தது. அதற்குள் ஒரு புடவையும் கம்பளிச் சால்வையும்தான். ஆனால் அன்று சாயங்காலம் தெருவே அதைப் பார்க்க வந்தது.

பக்கத்து வீட்டுக் கன்னியப்பன், முனிசிபாலிடியில் வேலை, வாசலில் நின்று கேட்டான். "இன்னா முனுசாமி, சீமைக்குப் போறியாமே? சொல்லவேயில்ல."

"நான் போகல. பைதான் போவுது."

"பை போவுது, நீ போவல. நல்ல உத்தியோகம்டா உனக்கு."

ஆனால் அவனும் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து பார்த்தான். பெண்கள் வந்து, தொடாமல், கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்கள். பனியைப் பார்க்கப் போகிற பை. ராஜம்மா அதற்குத் தினமும் ஒரு முழம் பூ வைத்தாள். எனக்கு வைக்கச் சொன்னதற்கு, "நீ எங்க போற?" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வந்து பையை எடுத்துக்கொண்டார்கள். காரில் ரங்கநாயகி அம்மாள் உட்கார்ந்திருந்தார். இறங்கவில்லை, ஆனால் ராஜம்மாவிடமிருந்து பூவை வாங்கிக்கொண்டார். வேதவல்லி அம்மாள், "போய்ட்டு வரேன்" என்றார்.

"பாத்துட்டு வாங்கம்மா," என்றாள் ராஜம்மா.

குளிர்காலம் தொடங்கும்போது திரும்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். ஆனால் ஆபீசுக்கு வர அவர்களுக்கு ஒரு வருஷத்துக்குமேல் ஆயிற்று. வந்தபோது வேதவல்லி அம்மாளின் கண்கள் எங்களைப் பார்த்த மாதிரி இருந்தன, பார்க்கவில்லை. குழாய் மூடிவிட்டது. நாற்காலியைக் கையால் தொட்டுப் பார்த்துத்தான் உட்கார்ந்தார். சேஷாத்ரிதான் ஆரம்பித்தார்.

"உங்க பேர்ல தப்பில்லை. ரோம்லேர்ந்து சூரிக் போறவரைக்கும் ஒரே மேகம். கீழே பஞ்சு மூட்டையைப் பிரிச்சுக் கொட்டின மாதிரி. ஒரு சிகரம்கூடத் தெரியலை. இவ்வளவு பாடுபட்டு... சூரிக்ல மூணு நாள் மழை. ரயில்ல மேலே போனோம், அங்கேயும் பனிமூட்டம்."

தேவசகாயம் தலையைக் குனிந்துகொண்டார். விளக்கு, உருண்டை, நூல், தந்தி, பை, பூ எல்லாம் எதற்கு?

"இவர் இப்படித்தான்," என்றார் வேதவல்லி அம்மாள். "பிளேன்லேயும் 'மலை தெரியலையே வேதா, தெரியலையே'ன்னு புலம்பிண்டே வந்தார். நான், 'கொஞ்சம் சும்மா இருங்கோ'ன்னேன்."

"ஏம்மா?" என்றேன்.

"மேகத்து மேல எங்க பிளேனோட நிழல் ஓடறது. இத்தனூண்டு. இறக்கை, வாலு எல்லாம் இருக்கு. அதைச் சுத்தி ஒரு வானவில். நாம பார்க்கற மாதிரி பாதி இல்லை. முழு வட்டம். நடுவுல நிழல். பிளேன் போற இடமெல்லாம் அதுவும் கூடவே வர்றது."

மேஜைமேல் தடவி, ஒரு தம்ளரைக் கண்டுபிடித்து, தண்ணீரில் விரலை நனைத்து, மெதுவாக ஒரு வட்டம் போட்டார். கண் தெரியாதவர் போட்ட வட்டம். தொடங்கின இடத்திலேயே வந்து சேர்ந்தது.

"மலையா இருந்தா என் குழாய்க்குள்ள அடங்கியிருக்குமோ என்னவோ. இது சரியா அடங்கிடுத்து. எனக்குன்னு அளவெடுத்த மாதிரி. ஒரு கலர்கூட வெளியே போகலை. இப்போ மூடியாச்சு, ஆனா கடைசியா அளவுக்கு ஒண்ணு உள்ளே வெச்சுட்டுத்தான் மூடியிருக்கு. அது அப்படியே இருக்கு."

பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கதானே நிழல் பக்கம் உட்கார வெச்சது?" என்றார்.

"கண் கூசக் கூடாதுன்னும்மா."

"சூரியனுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவாளுக்குத்தான் அது தெரியுமாம்," என்றார் சேஷாத்ரி. "அங்கே ஒருத்தர் சொன்னார். நான் நடைபாதைக்கு அந்தப் பக்கம் போய் மலையைத் தேடிண்டிருந்தேன். நான் பார்க்கலை."

தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றினார். மேஜைமேல் அந்த ஈர வட்டம் காய்ந்து மறையும்வரை நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று வேறு டிக்கெட் எழுதியதாக நினைவில்லை.

இவ்வளவுதான் சுசீலா, நாங்கள் வாரக்கணக்கில் பிளான் பண்ணியது. திட்டம் போட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. ஆனால் திட்டம் போடாமல் இருந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

அந்த விழாவில் கைக்கடிகாரத்தோடு கம்பெனி எனக்கு இன்னொன்றும் கொடுத்தது: மெட்ராஸுக்கு ஒரு விமான டிக்கெட். போன வாரம் போனேன். மார்கழி மாதம், உச்சிப்பொழுது நெருங்கும் நேரம். என்னை வழியனுப்ப ஏரோட்ரோமுக்கு ராஜம்மாவும், தேவசகாயம் சாரும், கன்னியப்பனும் வந்திருந்தார்கள். "இன்னிக்குப் பை போவல, நீதான் போற" என்று சொல்லி மாலை போட்டான் கன்னியப்பன். கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள், "ஜன்னல் சீட் எந்தப் பக்கம் சார்?"

"சூரியன் எந்தப் பக்கம்?" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நானே கிழக்கு முகமாக நின்று, கையை நீட்டிப் பார்த்து, இடது பக்கம், நிழல் பக்கத்து ஜன்னலை வாங்கிக்கொண்டேன்.

மேலே ஏறியதும் பெங்களூரின் ஏரிகள் ஒவ்வொன்றாக மின்னி மறைந்தன. பிறகு மேகம். நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டேன். விமானப் பணிப்பெண் குனிந்து, காபி வேண்டுமா, டீ வேண்டுமா, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டாள்.

"கொஞ்சம் சும்மா இரும்மா," என்றேன்.